தென்னையில் சுருள் வெள்ளை ஈ: என்கார்சியா குளவியை நாமே கொண்டுவந்து விட வேண்டுமா?

மூன்று ஏக்கர் தோப்பு:
ஆறு வயதுக் குட்டை ரக மரங்கள். கீழ் மட்டைகளில் ஓலையின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைச் சுருள்கள். ஊடுபயிர் வாழை இலைமேல் கருப்புப் பூசணம் படிந்திருக்கிறது. மருந்துக் கடையில் இமிடாகுளோபிரிட் அடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்துத் தோப்பில் “என்கார்சியா தானா வந்துடும், மருந்தைத் தொடாதீங்க” என்கிறார்கள். வெளிநாட்டுப் பூச்சிக்கு அதன் குளவி எப்படித் தானாக வரும்? என் தோப்பில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பூச்சி நண்பன்:
குளவி இந்த ஈக்கு முன்பே வந்துவிட்டது ஐயா. 1990-களில் கொய்யா, மரவள்ளியில் பரவிய பழைய சுருள் வெள்ளை ஈயைத் தொடர்ந்து, யாரும் இறக்குமதி செய்யாமலேயே என்கார்சியா குவாடலூப்பே இங்கே நுழைந்தது. இது ஈயின் இளம் பருவத்துக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிக் குளவி. அது ஏறிய ஈயின் கூட்டுப்புழு இலையோடு பயணம் செய்யும். யார் கண்ணிலும் படாது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் ரூகோஸ் என்னும் இந்தச் சுருள் வெள்ளை ஈ தென்னையில் தென்பட்டபோது, பழைய ஈயின் அதே பேரினத்தைச் சேர்ந்த இந்தப் புது ஈயையும் அது பிடித்துக்கொண்டது. எல்லாப் பூச்சிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 2008-ல் வந்த பப்பாளி மாவுப்பூச்சிக்குக் குளவி கூடவே வரவில்லை. அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது.

பார்க்கும் முறை: தோப்பின் நான்கு மூலையிலும் நடுவிலும் கீழ் மட்டையிலிருந்து ஓலை எடுங்கள். மெழுகுப் பஞ்சை மென்மையான தூரிகையால் ஒதுக்கி, 10 மடங்கு கைலென்ஸில் பாருங்கள். நல்ல கூட்டுப்புழு வெளிறி இருக்கும். குளவி ஏறியது கருத்திருக்கும். காலிக் கூட்டில் வட்டமான சிறு துளை என்றால் குளவி வெளியேறியது. ‘T’ வடிவில் பிளந்திருந்தால் ஈ பறந்துவிட்டது. பாதிக்கு மேல் கருப்பு என்றால் வெளியிலிருந்து எதையும் கொண்டுவராதீர்கள். சும்மா விட்டாலே போதும் என்பது என் கருத்து.

இமிடாகுளோபிரிட் வேண்டவே வேண்டாம். மெழுகுக்கு அடியில் இருக்கும் இளம் பருவம் தப்பிவிடும், திறந்த வெளியில் நடமாடும் குளவி செத்துவிடும். அதன்பின் வரும் ஈக்கூட்டத்தைத் தடுக்க ஆளே இருக்காது.

ஓலைக்கட்டு:
கருப்புக் கூடு குறைவாக இருந்தால், குளவி ஏறிய கூடுகள் உள்ள இலைத்துண்டை வேறு தோப்பிலிருந்து கொண்டுவந்து கட்டலாம். பத்து மரத்துக்கு ஒரு துண்டு கணக்கு. துளை விழாத கருப்புக் கூடுகள் நிறைய உள்ள ஓலையாகத் தேர்ந்தெடுங்கள். துளை விழுந்தது வெறும் கூடு, அதைக் கட்டிப் பயனில்லை. வெள்ளைக் கூட்டையும் முட்டைச் சுருளையும் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈயைத்தான் கட்டுகிறீர்கள். மாலையில், கீழ் மட்டை ஓலையின் அடிப்பக்கம் துண்டை ஸ்டேப்ளர் பின்னால் குத்திவிடுங்கள். விசைத்தெளிப்பானால் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதாக இருந்தால் துண்டு கட்டுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி (5 அடிக்கு 1½ அடி, ஏக்கருக்கு 8) ஈயைப் பிடிக்கும். ஆனால் மஞ்சளுக்குக் குளவியும் வரும். துண்டு கட்டும் சமயத்தில் பொறியைக் கழற்றிவிடுவது நல்லது.

கீழ்மட்டை:
ஒரு எச்சரிக்கை. எந்தத் தோப்பிலிருந்து துண்டு எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். போண்டார் கூடுகட்டும் வெள்ளை ஈ இருக்கும் ஓலையைக் கொண்டுவந்தால் புதுத் தொல்லையை விலைக்கு வாங்கியது போலத்தான். ரூகோஸை விட மிகச் சிறியது, பஞ்சுபோல் கூடு கட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும், இறக்கையில் சாம்பல் நிறப் பட்டைகள் ‘X’ போலத் தெரியும். என்கார்சியாவை நம்பி இதை அடக்க முடியாது. தோப்பில் இரண்டும் கலந்திருந்தால் கருப்புக் கூட்டை எண்ணும்போது ரூகோஸை மட்டும் எண்ணுங்கள்.

மூன்று ஏக்கர் தோப்பு:
நன்றி. கருப்புப் படிவுக்கு மைதாக் கரைசல் அடித்தால் குளவிக்குக் கெடுதலா?

ஓலைக்கட்டு:
லிட்டருக்கு 25 கிராம் மைதா. குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, காய்ச்சி, ஆறியதும் வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். நல்ல வெயில் நாளில் ஓலையின் மேல்பக்கம் மட்டும் அடியுங்கள். காய்ந்ததும் கருப்பு செதில்செதிலாக உதிரும். குளவிக் கூடு இருப்பது அடிப்பக்கம், அங்கே படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.