கேபிள் மேப்ல வருது, கோர் டேபிள் மட்டும் காலி. அவசரம்

லூப்வயர்: வணக்கம். ஃபைபர் கேபிள் லேயரை (மேப்ல கேபிள் இருக்குற அடுக்கு) மத்தவங்களும் பாக்குற மாதிரி சர்வீஸா பப்ளிஷ் பண்ணிட்டேன், லைன் எல்லாம் சரியா வருது, ஆனா கிளிக் பண்ணா பாப்அப்ல கோர் (கேபிளுக்குள்ள இருக்குற ஒவ்வொரு கண்ணாடி இழை) விவரம் காலி. அது தனி டேபிள், கேபிளோட இணைச்சிருக்கேன். என் மெஷின்ல நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு காலைல காட்டணும், யாராவது சொல்லுங்க

டேட்டாதாத்தா: எந்த சாஃப்ட்வேர், டேட்டா எங்க இருக்கு, எந்த ஃபீல்டுல இணைச்சிருக்க, ஒண்ணும் சொல்லாம காலின்னா நாங்க என்ன சோழியா உருட்டுறோம்? 8 வருஷமா இதே கதை

முனை24: டேபிளை மேப்ல சேத்தீங்களா? லேயர் மட்டும் இருந்தா டேபிள் சர்வீஸுக்கு போகாது

லூப்வயர்: சேத்தேன் சார், சர்வீஸ்ல டேபிள் தனியா திறந்தா வரிசை எல்லாம் இருக்கு

பூஜ்யம்: எக்ஸெல்ல திறந்திருப்பீங்க. கேபிள் நம்பர் 00417 வெறும் 417 ஆயிருக்கும், அப்புறம் ரெண்டு பக்கமும் சேராது. பத்துக்கு ஒன்பது தடவை இதுதான்

லூப்வயர்: எக்ஸெல் பக்கமே போகல. மேப் சாஃப்ட்வேர் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ. ஆபீஸ் எண்டர்பிரைஸ் ஜிடிபில (ஜியோடேட்டாபேஸ், மேப் டேட்டா வைக்கிற இடம்) இருந்து ஃபைல் ஜிடிபிக்கு எக்ஸ்போர்ட் பண்ணி அதைத்தான் ஏத்துனேன். குளோபல் ஐடி (ஒவ்வொரு வரிசைக்கும் சாஃப்ட்வேரே போடுற தனி அடையாளம்) வச்சு இணைப்பு

குளோஷர்பாக்ஸ்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. எக்ஸ்போர்ட் பண்ணும்போது ப்ரிசர்வ் குளோபல் ஐடிஸ் (பழைய ஐடிய அப்படியே வைக்கிற ஆப்ஷன்) டிக் பண்ணலன்னா கேபிளுக்கு புது ஐடி விழும், கோர் டேபிள்ல கிடக்குறது பழைய ஐடி, அப்புறம் எப்படி சேரும்? உங்க மெஷின்ல நீங்க பாக்குறது ஆபீஸ் டேட்டா, அதான் நல்லா தெரியுது. ஒரே ஒரு கேபிளை எடுத்து ரெண்டு பக்கமும் ஐடிய ஒப்பிட்டுப் பாருங்க. எக்ஸ்போர்ட்ட விட்டுட்டு ப்ரோவோட கேட்டலாக்ல காப்பி பேஸ்ட் பண்ணுங்க, ஐடி மாறாது, ரிலேஷன்ஷிப் கிளாஸும் (கேபிளையும் டேபிளையும் இணைக்குற அமைப்பு) கூடவே வரும்

டேட்டாதாத்தா: குளோபல் ஐடிய நம்புறதே தப்பு. கேபிளுக்கு நாமளே போடுற கோட் நம்பர்னு சொந்தமா ஒரு ஃபீல்டு வைக்கணும். அப்புறம் கோர் கலர் எதுக்கு டேபிள்ல? நம்பர் இருந்தா போதும், 1 நீலம் 2 ஆரஞ்சு 3 பச்சைன்னு தானா வரும்

பூஜ்யம்: தாத்தா, கோரெல்லாம் கேபிளுக்குள்ள ட்யூப்னு சின்ன குழாய்கள்ல பிரிஞ்சு இருக்கும். 24 கோர் கேபிள் 12 கோர் ட்யூப் ரெண்டாவும் வரும், 6 கோர் ட்யூப் நாலாவும் வரும். 7வது கோர் முதல் ட்யூப்ல சிவப்பா, ரெண்டாவது ட்யூப்ல நீலமா? நம்பர் மட்டும் வச்சு சொல்லுங்க பாப்போம்

டேட்டாதாத்தா: ட்யூப் நம்பரும்தான் வைக்கணும், அதுகூட நான் சொல்லித் தரணுமா

முனை24: முதல்ல நம்பர் போதும்னீங்களே 😀

லூப்வயர்: ஐடி மாறித்தான் இருந்துச்சு. காப்பி பேஸ்ட் பண்ணி திரும்ப ஏத்தினேன், வந்துருச்சு. குளோஷர் அண்ணே நன்றி

முனை24: பழைய சர்வீஸ ஓவர்ரைட் பண்ணீங்களா, இல்ல புதுசா போட்டீங்களா? எனக்கும் இதே பிரச்சனை

முனை24: ஹலோ?