நெற்கன்றில் பி38 பட்டை: எழுதலாமா, கூடாதா?

பூநகரிப்பெட்டை:
இறுதியாண்டு ஆய்வு. மொட்டைக்கருப்பன் நாற்றை அரை மணி நேரம் உப்புத் தண்ணீரில் வைத்து, புரதம் எடுத்து வெஸ்டர்ன் புளொட் (புரதங்களைப் பருமன்படி பிரித்து, சவ்வில் ஒற்றி, தேடுவதைப் பட்டையாகக் காட்டும் முறை) ஓட்டினேன். ஆய்வுகூடத்தில் மிஞ்சிக் கிடந்த, பொஸ்பேற்று ஏறி விழித்த பி38ஐ (விலங்குக் கலத்தில் நெருக்கடிக்கு விழிக்கும் நொதியம்) பிடிக்கும் பிறபொருளெதிரியைத்தான் போட்டேன். உப்பில் நின்ற நாற்றில் 43 கிலோடால்டன் (புரதத்தின் நிறை அலகு) கிட்ட நல்ல பட்டை. நல்ல தண்ணீரில் நின்றதில் மங்கல். நெல்லிலும் பி38 உப்புக்கு விழிக்கிறது என்று எழுதலாமா?

மாங்குளத்தான்:
எழுதாதீர்கள் தங்கச்சி. தாவரத்தில் பி38உம் இல்லை, அதன் உறவான ஜேஎன்கேயும் இல்லை. பி38இல் 180ஆம் இடத்துத் திரெயோனினிலும் 182ஆம் இடத்துத் தைரோசினிலும் பொஸ்பேற்று ஏறும். இந்த இரண்டு அமினோ அமிலங்களுக்கும் நடுவில் கிளைசின். உங்கள் குப்பியில் இருப்பது அந்தத் துண்டுக்கு ஆக்கிய எதிரி. நெல்லில் உள்ள அதே குடும்பத்து நொதியங்கள் எம்பிகே3, எம்பிகே6 இரண்டிலும் நடுவில் குளுட்டாமிக் அமிலம். அது விலங்கில் பி38இன் இன்னொரு உறவான ஈஆர்கேயின் அமைப்பு. அதனால்தான் தாவரக்காரர்கள் பொஸ்போ ஈஆர்கே எதிரியை வாங்குகிறார்கள்.

நந்திக்கடல்:
அண்ணை, ஒரேயடியாக வெட்டி விடாதீர்கள். மதுவத்திலும் பி38 என்ற பெயரில் ஒன்றும் இல்லை. ஆனால் உப்புப் போட்டால் விழிக்கும் ஹொக்1 என்ற அதன் நொதியத்தை இதே பி38 எதிரியால்தான் பார்க்கிறார்கள். எதிரி பெயரைப் பார்த்தா ஒட்டுகிறது? வன்னியில் இருக்கிற குப்பியை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கொழும்பில் ஓடர் போட்டு, ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு பஸ்ஸில் வந்து சேருவதற்குள் தங்கச்சியின் ஆய்வே முடிந்துவிடும்.

மாங்குளத்தான்:
ஹொக்1இன் நடுவிலும் கிளைசின்தானே! உங்கள் உதாரணம் என் பக்கம் அல்லவா நிற்கிறது. தங்கச்சி, எதிரி கண்ட இடத்தில் ஒட்டாமல் சவ்வின் வெற்றிடம் அடைக்க என்ன போட்டீர்கள்? எப்படி அரைத்தீர்கள்?

பூநகரிப்பெட்டை:
கடையில் வாங்கிய பால்மா, 5 வீதம். நாற்றைக் கத்தரியால் வெட்டி, ஐஸில் வைத்த உரலில் அரைத்தேன். பொஸ்பேற்றைக் கழற்றும் நொதியத்தை நிறுத்த பொஸ்பற்றேசுத் தடுப்பியும் போட்டேன்.

மாங்குளத்தான்:
பாலில் உள்ள கேசீனே பொஸ்பேற்று ஏறிய புரதம், பின்னணி கறுக்கலாம். மாட்டுக் குருதி அல்புமின் நல்லது. ஆனால் எனக்குப் பயம் கத்தரிதான். இலை வெட்டுப்பட்டால் சில நிமிடத்திலேயே எம்பிகேக்கள் விழித்துவிடும்.

நந்திக்கடல்:
இரண்டு நாற்றையும் ஒரே கத்தரியால்தானே வெட்டியிருக்கிறா. வித்தியாசம் உப்பால்தான்.

மாங்குளத்தான்:
ஒரே நேரத்திலா? ஒன்றை வெட்டி மேசையில் வைத்துவிட்டு மற்றதை வெட்டினால் அந்த இடைவெளியே போதும். நானும் படிக்கிற காலத்தில் ஐஸ் வாளியைத் தேடிக்கொண்டு நின்றே ஒரு கிழமை வேலையைக் கெடுத்தவன்.

நந்திக்கடல்:
சரி. சாற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் லாம்டா பொஸ்பற்றேசு போடட்டும். பட்டை மறைந்தால் பொஸ்பேற்றைத்தான் பார்த்திருக்கிறா.

மாங்குளத்தான்:
தடுப்பி போட்ட சாற்றில் அந்த நொதியம் எப்படி வேலை செய்யும்? தடுப்பி இல்லாமல் புதிதாக அரைக்க வேண்டும். மறைந்தாலும் அது எந்தப் புரதம் என்று தெரியப் போவதில்லை.

நந்திக்கடல்:
"உப்பில் கூடுகிற, பொஸ்பேற்று ஏறிய, 43 கிலோடால்டன் புரதம்" என்று எழுதினால் யாருக்கு என்ன குறை?

மாங்குளத்தான்:
அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பி38 என்ற சொல் மட்டும் வரக் கூடாது. அப்புறம், இரண்டு வரிசையிலும் ஒரே அளவு புரதம்தான் போனது என்பதற்கு என்ன சாட்சி? எல்லாப் புரதத்தையும் காட்டும் பொன்சோ சாயம் போட்டுப் பார்த்தீர்களா?

பூநகரிப்பெட்டை:
போனில் எடுத்த படம் இருந்தது, இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். 55க்குக் கிட்ட நிற்கும், இலையில் நிறைய உள்ள ரூபிஸ்கோ புரதத்தின் பட்டை உப்பு வரிசையில் கொஞ்சம் தடிப்பு. கொஞ்சம் இல்லை, நல்ல தடிப்பு. நாளைக்குப் புது நாற்றுப் பிடுங்குகிறேன். இரண்டு கத்தரி, கூட வெட்ட ஒரு தோழி.