தமிழ் இளங்கலைக்குப் பிறகு இத்தாலிக்குச் சென்று இத்தாலிய இலக்கியம் படிப்பது பற்றி

கொள்ளிடக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் உள்ள கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சிக்கு அருகில் உள்ளது. வீரமாமுனிவர் பெயரோடு இணைந்த அடைக்கல மாதா கோயிலைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்திருந்தும், தேம்பாவணி பாடமாக வந்தபோதுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இத்தாலியின் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்த ஒருவர், தமிழ் யாப்பைக் கற்பதற்கு முன் எந்தக் கவிதைகளைக் கேட்டுத் தம் செவியைப் பழக்கியிருப்பார்? அதைத் தேடிப் போய்த்தான் இத்தாலியக் காப்பியக் கவிஞர் தாந்தேயை மொழிபெயர்ப்பில் படித்தேன். பிறகு மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆசையில் ஒன்றரை ஆண்டாக இணைய வகுப்பில் இத்தாலியம் கற்று வருகிறேன். இப்போது எளிய செய்திக் கட்டுரைகளை அகராதியின் துணையோடு படித்துவிட முடிகிறது, பேசும்போதுதான் தடுமாறுகிறேன்.

இத்தாலியில் மொழி, இலக்கியம், பண்பாடு ஆகியவற்றை முறையாகப் படிக்க விரும்புகிறேன். தமிழில் பட்டம் பெற்றவர் நேரடியாக முதுகலையில் சேர முடியுமா? அங்கே பாடமும் தேர்வும் எப்படி நடக்கும்? எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை நிலம்தான் உள்ளது. அப்பா மறுப்புச் சொல்லவில்லை, ஆனால், "படித்து முடித்தபின் என்ன வேலைம்மா?" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்துறையில் படித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய மாணவன்:

வணக்கம், சகோதரி. நான் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்துவிட்டு, நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நின்றவன். ஆகவே முதுகலை பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

இத்தாலியில் முதல் பட்டமான லௌரேயா மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்கு 180 மதிப்பலகுகள் (கிரெடிட்). அதன்மேல் இரண்டு ஆண்டு, 120 மதிப்பலகுகள் கொண்ட மஜிஸ்த்ராலே என்னும் முதுகலை உள்ளது. நம் இளங்கலைப் பட்டத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டாலும், இத்தாலிய இலக்கிய முதுகலைக்கு அது போதாமல் போகலாம். ஏனெனில் இத்தாலிய இலக்கியம், மொழியியல், வரலாறு, பல இடங்களில் இலத்தீன் என்று குறிப்பிட்ட துறைகளில் இத்தனை மதிப்பலகுகள் முன்பே பெற்றிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விதி வைத்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் விண்ணப்பித்து ஓராண்டை இழந்தேன். பிறகு 'லெத்தெரே' எனப்படும் மூன்றாண்டு இலக்கியப் பட்டத்தில் முதலாண்டு மாணவனாகச் சேர்ந்தேன். இருபத்து மூன்று வயதில் மறுபடியும் இளங்கலையா என்று வீட்டில் வருந்தினார்கள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகள் இல்லாமல் முதுகலையில் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது.

அதற்கு முன் சில மாதங்கள் பெருஜியாவில் மொழி படித்தேன். அயல்நாட்டவருக்கென்றே அமைந்த அரசுப் பல்கலைக்கழகங்கள் பெருஜியாவிலும் சியேனாவிலும் இருக்கின்றன. இலக்கியப் பட்டத்திற்கு பொதுவாக பி2 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் மேல் இடைநிலை) கேட்பார்கள். பெருஜியா நடத்தும் செலி தேர்வில் மூன்றாம் நிலையோ, சியேனா நடத்தும் சில்ஸ் தேர்வில் இரண்டாம் நிலையோ அதற்கு ஈடானது.

தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான். இலக்கியப் பாடங்களில் பெரும்பாலான தேர்வுகள் வாய்மொழித் தேர்வுகள். கதவு திறந்திருக்கும்; அடுத்து எழுத வேண்டியவர்கள், தவறு, அடுத்துப் பேச வேண்டியவர்கள், பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண் முப்பதுக்கு, பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. கிடைத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் அதை ஏற்க மறுத்துவிட்டு அடுத்த தவணையில் மீண்டும் வரலாம். என் முதல் தாந்தே தேர்வில் பேராசிரியர் நூலைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, "வாசியுங்கள், பொருள் சொல்லுங்கள்" என்றார். நான் கல்லூரிப் பழக்கத்தில் கவிஞரின் காலம், காப்பியத்தின் சிறப்பு என்று தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த மூன்று அடிகளில் எழுவாய் எது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அன்று திரும்பி வந்தவன், அடுத்த தவணைக்கு முன் குறிப்பிட்ட காண்டங்கள் அனைத்தையும் நம் உரையாசிரியர்கள் செய்வதுபோலப் பதம் பிரித்து, கொண்டு கூட்டி, பொழிப்புரை எழுதிப் பழகினேன். அவர்கள் 'பராஃப்ராஸி' என்று கேட்பது அதைத்தான். பரிமேலழகரைப் படித்துப் பழகிய உங்களுக்கு அது புதிய வேலையாக இராது.

யாப்பிலும் உங்களுக்கு நல்ல பிடிப்பு இருக்கும். தாந்தேயின் அடி பதினோரு அசை கொண்டது. நம்முடையதைப்போலக் குறில் நெடில் கணக்கு அதில் இல்லை, பத்தாவது அசையில் அழுத்தம் விழ வேண்டும் என்பதே கட்டாயம். அவருடைய 'திவீனா கொமேதியா' காப்பியத்தின் இரண்டாவது அடி 'மி ரித்ரொவாய் பெர் ஊனா செல்வா ஒஸ்கூரா'. விரல் விட்டு எண்ணினால் பன்னிரண்டு வரும். 'செல்வா' முடியும் உயிரும் 'ஒஸ்கூரா' தொடங்கும் உயிரும் ஒரே அசையாகக் கலந்துவிடுவதால்தான் பதினொன்றாகிறது. நாம் இரண்டு உயிர்கள் சந்தித்தால் நடுவில் உடம்படுமெய்யை நிறுத்துகிறோம். அவர்கள் இரண்டையும் கரைத்துவிடுகிறார்கள். நாம் எதுகையை அடியின் தொடக்கத்தில் வைக்கிறோம். அவர்கள் இயைபை அடியின் இறுதியில் வைத்து, ஒன்றாம் அடியை மூன்றாம் அடியோடும், இரண்டாம் அடியை அடுத்த மூன்றடிக் கண்ணியோடும் பின்னிக்கொண்டே போகிறார்கள். அந்தாதியில் ஊறிய செவிக்கு, 14,233 அடிகளும் ஒன்றையொன்று கைப்பிடித்து வருவது முதல் நாளே கேட்டுவிடும். இதை வகுப்பில் நான் சொன்னபோது ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்தாதி என்றால் என்ன என்று விளக்கச் சொன்னார்.

பலெர்மோவில் வளர்ந்தவள்:

வணக்கம், தங்கச்சி. என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து குடியேறியவர்கள். நான் பள்ளியையும் பல்கலைக்கழகத்தையும் இங்கேயே முடித்தேன்; வீட்டில் தமிழ், பள்ளியில் இத்தாலியம், சந்தையில் சிசிலியம் என்று வளர்ந்தேன். மேலே அண்ணா சொன்னதோடு பேச்சு மொழியைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

இத்தாலிய மொழி வரலாறு என்னும் பாடத்தை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பாடம் அதுதான். இத்தாலி ஒரே நாடாக ஆன 1861இல் இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் இருந்தார்கள் என்று மொழியியல் அறிஞர் துல்லியோ தெ மௌரோ மதிப்பிட்டார். பின்னால் வந்த அறிஞர்கள் அதை உயர்த்தினாலும் பத்து விழுக்காட்டுக்கு அருகில்தான் நிறுத்தினார்கள். மற்றவர்கள் நாப்போலியம், வெனேத்தோ, சிசிலியம் என்று தத்தம் ஊர் மொழியையே பேசினார்கள். எழுதும் மொழி எதுவாக இருக்க வேண்டும் என்ற வழக்கு நூற்றாண்டுகளாக நடந்தது. வெனிஸ் நகரத்தவரான பியெத்ரோ பெம்போ 1525இல், கவிதைக்குப் பெத்ரார்க்காவும் உரைநடைக்குப் பொக்காச்சோவும்தான் முன்மாதிரி என்று வாதிட்டார். அதாவது, இருநூறு ஆண்டு பழைய ஃபுளோரன்ஸ் மொழியே இலக்கணம் என்றார். மிலானில் பிறந்த எழுத்தாளர் மன்ஸோனியோ 1827இல் 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போசி' என்னும் நாவலை வெளியிட்ட பிறகும் மனநிறைவு கொள்ளாமல், ஃபுளோரன்ஸில் உயிரோடு வழங்கும் பேச்சுக்கு ஏற்ப அதைத் திருத்தி 1840 முதல் மீண்டும் அச்சிட்டார். செந்தமிழா கொடுந்தமிழா, பேச்சா எழுத்தா என்ற வாதங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வரலாறு அயலாகத் தோன்றுவதே இல்லை.

சிசிலியையும் ஒதுக்கிவிடாதீர்கள். பதினான்கு அடிச் செய்யுளான சொனெட்டோ ஃபுளோரன்ஸில் பிறந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் இங்கே இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசரின் அவையில் இருந்த ஜாக்கமோ தா லெந்தீனி அதை உருவாக்கியவராகக் கருதப்படுகிறார். தாந்தேயே சிசிலிக் கவிஞர்களின் முதன்மையை எழுதி ஒப்புக்கொண்டார்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் இருக்கின்றன. இரட்டித்த மெய்யை ஒலிப்பதில் ஆங்கிலேயர்கள் படாத பாடு படுவார்கள். நமக்கு 'பலா' என்றால் மண்வெட்டி, 'பல்லா' என்றால் பந்து என்ற வேறுபாடு தானாக வந்துவிடும். ஆனால், மெல்லினத்தை அடுத்த வல்லினத்தை நாம் மென்மையாக்கி ஒலிப்பவர்கள். 'எவ்வளவு' என்பதற்கும் 'எப்போது' என்பதற்கும் உள்ள இத்தாலியச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே 'குவாந்தோ' என்றுதான் வரும். முதலாவதில் தகரம் வன்மையாக, 'பத்து' என்பதில் உள்ளதுபோல ஒலிக்க வேண்டும். இரண்டாவதில் 'பந்து' என்பதில் உள்ளதுபோல ஒலிக்க வேண்டும். என் அம்மா இருபது ஆண்டுகளாகச் சந்தையில் தக்காளி எவ்வளவு என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு தக்காளி எப்போது என்று கேட்டு வருகிறார். கடைக்காரர் அன்பானவர், விலையைச் சொல்லிவிடுவார். வாய்மொழித் தேர்வில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நாள்தோறும் அரை மணி நேரம் உரக்க வாசித்து, பதிவு செய்து, மீண்டும் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பு மேசை:

அன்புள்ள மகளுக்கு வணக்கம். உன் அப்பாவின் கேள்விக்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்கிறேன். நான் இத்தாலியத்திலிருந்து மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன்.

முதலில் பணம். இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பெரும்பாலும் குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பொறுத்தது. ஒவ்வொரு மாநிலமும் தனியே உதவித்தொகை வழங்குகிறது. அது கிடைத்தால் விடுதியிலும் உணவுக்கூடத்திலும் பெரும் பங்கு செலவு குறையும். இதற்கு வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று, நிலத்தின் பட்டா, வங்கி இருப்பு ஆகியவற்றை இத்தாலியத்தில் மொழிபெயர்த்துச் சான்றொப்பம் பெற வேண்டும். இந்த வேலைக்கே மாதங்கள் ஆகும், முன்னதாகத் தொடங்கு. முதலாண்டில் குறித்த அளவு மதிப்பலகுகளைப் பெறாவிட்டால், கொடுத்த உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள் என்பதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல். படிக்கும்போது வாரத்திற்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதலாண்டில் அதை நம்பிக் கணக்குப் போடாதே.

விண்ணப்பத்தை 'யூனிவர்ஸித்தாலி' என்னும் அரசுத் தளத்தின் வழியே நீயே செய்யலாம். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, இதற்காகவே ஒரு முகவரிடம் பெருந்தொகை கொடுத்து ஏமாந்தது. போய்ச் சேர்ந்த எட்டு வேலை நாட்களுக்குள் அஞ்சலகம் வழியாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இதில் அசட்டை கூடாது.

வேலையைப் பற்றி: இத்தாலிய இலக்கியம் மட்டும் படித்தவருக்கு வேலை அரிதுதான், இத்தாலியர்களே அதில் திண்டாடுகிறார்கள். இந்தியாவுக்குத் திரும்பினால் மொழி கற்பித்தல், வணிக ஆவணங்களை மொழிபெயர்த்தல் ஆகியவற்றால் வாழ முடியும், நான் வாழ்கிறேன். கற்பிக்க விரும்பினால், அயலாருக்கு இத்தாலியம் கற்பிப்பதற்குச் சியேனா வழங்கும் தித்தால்ஸ் சான்றிதழையும் படிப்போடு பெற்றுவிடு.

ஆனால் உனக்கென்று ஒரு வழி இருக்கிறது, அதை நான் மிகுந்த ஆசையோடு சொல்கிறேன். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி முதல் வீரமாமுனிவர் வரை, மதுரை மறைத்தளத்தில் இருந்த இயேசு சபையினர் ரோமுக்குக் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் அனுப்பினார்கள். ரோமில் உள்ள அச்சபையின் ஆவணக்காப்பகத்தில் அவை இருக்கின்றன. அவற்றைப் படிக்க இலத்தீன், இத்தாலியம், போர்த்துகீசியம் தெரிய வேண்டும். அவற்றில் வரும் ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் பாளையக்காரர் பெயரும் புரியத் தமிழ் தெரிய வேண்டும். இரு பக்கமும் கற்றவர்கள் மிகச் சிலர். தமிழை இளங்கலையில் படித்துவிட்டு இத்தாலிக்குப் போகிற நீ, அந்தத் தாள்களின் முன் உட்காரும் தகுதியை ஆறேழு ஆண்டுகளில் பெற்றுவிடலாம். ஆகவே இலத்தீனைச் சுமை என்று எண்ணாதே.

கொள்ளிடக்கரை:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மொழிபெயர்ப்பாளர் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உதவித்தொகையைத் திருப்பிக் கட்டும் விதியை இரண்டு முறை கேட்டார். பிறகு கடிதங்களைப் பற்றிய பகுதியை மீண்டும் வாசிக்கச் சொன்னார். மூன்றாண்டுப் பட்டத்திற்கே விண்ணப்பிப்பது என்றும், அதற்கு முன் இங்கிருந்தே செலி மூன்றாம் நிலையை எழுதுவது என்றும் முடிவு செய்திருக்கிறேன். 'குவாந்தோ' இரண்டையும் பதிவு செய்து கேட்டேன், அக்கா. எனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. பழைய மாணவர் அண்ணாவிடம் ஒரு கேள்வி: இலத்தீனை இங்கேயே தொடங்கிவிடலாமா, அல்லது இத்தாலியம் நன்றாக அமைந்தபின் தொடங்குவது நல்லதா?

பழைய மாணவன்:

இத்தாலியம் பி2 நிலைக்கு வரும் வரை பொறுத்திருங்கள். பள்ளியில் இலத்தீன் படிக்காமல் வருகிறவர்களுக்குப் பல இடங்களில் முதலாண்டிலேயே தொடக்கநிலை வகுப்பு இருக்கும். அந்தப் பாடநூல்கள் இத்தாலியத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் இப்போதே செய்யலாம்: நன்னூலில் வேற்றுமைகளை எப்படிப் படித்தீர்களோ, அதேபோல இலத்தீனின் ஆறு வேற்றுமைகளையும் முதல் இரண்டு பெயர்ச்சொல் வகைகளுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். இத்தாலிய மாணவர்கள் பலர் அவர்கள் மொழியின் பெயர்ச்சொற்களில் வேற்றுமை உருபு இல்லாததால் அங்கேதான் திணறுவார்கள். 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று சொல்லி வளர்ந்த நமக்கு அது ஒரு வாரத்து வேலை.