மலைப்பாதையில் ஓடும் காருக்கு பிரேக் பேட், டிஸ்க் எவ்வளவு காலம் உழைக்கும்?

குழு உறவுகள் அனைவருக்கும் வணக்கம். அப்பாவைக் கண்டி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்காக நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக அடிக்கடி இறங்கும் எங்கள் ஓட்டோ கியர் காரின் முன் பிரேக் பேட்கள், 30,000 கிலோமீற்றர் ஓடுவதற்குள்ளேயே 3 மில்லிமீற்றருக்குத் தேய்ந்துவிட்டன. புதிய பேட் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் கனமிருக்கும் என்பதால், அதை மாற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை.

என் கவலையெல்லாம், சில்லோடு சேர்ந்து சுழலும், பேட்கள் அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க் பற்றியது. சில்லைக் கழற்றிப் பார்த்தபோது டிஸ்கின் ஓரத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு விளிம்பு எழும்பியிருந்தது. இடப்பக்கத்தில் உள் பேட் வெளிப் பேட்டைவிட நன்றாக மெலிந்திருந்தது. பேட்களை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி (pin) இறுகியிருக்கலாம் என நினைக்கிறேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங்கும் நடுங்குகிறது. டிஸ்கின் மேற்பரப்பைக் கடைந்து சமப்படுத்தினால் போதும் என்று கராஜில் சொல்கிறார்கள். ஆனால், டிஸ்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே அது போய்விட்டால், சூட்டைத் தாங்கும் சக்தி குறைந்து, வயதானவர்களை ஏற்றிச் செல்லும்போது ஆபத்தாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

மலையகத்தில் நாளாந்தம் வாகனம் ஓட்டுபவர்களிடமும் மெக்கானிக் வேலை தெரிந்த அண்ணன்மாரிடமும் கேட்கிறேன்: உங்கள் அனுபவத்தில் ஒரு சோடி டிஸ்க் எத்தனை முறை பேட் மாற்றும்வரை உழைத்தது? இறக்கத்தில் ‘எல்’ (L, அதாவது லோ) கியரில் இறங்கியபின் தேய்மானம் குறைந்ததா? கம்பளையிலோ கண்டியிலோ டிஸ்கின் கனத்தை மைக்றோமீற்றரால் அளந்து காட்டும் இடம் தெரிந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள்.