மோர்ட்கேஜ் என்ற சொல்லில் சாவு எங்கே வந்தது? அவசர உதவி

தயா, வெள்ளவத்தை:
வீடு திருத்த அப்பா வங்கியில் கடன் எடுக்கிறார். ஈட்டு முறியில், அதாவது மோர்ட்கேஜ் பத்திரத்தில், அம்மாவும் கையெழுத்து வைக்க வேண்டும், வீட்டு உறுதி இருவர் பெயரிலும் இருக்கிறது. மோர்ட்கேஜ் என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். 'மோர்ட்' என்றால் பிரெஞ்சில் செத்தது என்று போட்டிருக்கிறது. சாகும்வரை கட்டும் கடன் என்று மாமா வேறு சொல்லிவிட்டார். அம்மா பயந்துபோய் பேனையைத் தொடமாட்டேன் என்கிறார். யார் செத்தது? அப்பாவுக்கு ஏதும் ஆனால் கடனும் முடிந்துவிடுமா? திங்கட்கிழமை கையெழுத்து.

ஓய்வுபெற்ற நொத்தாரிசு, புதுக்கடை:
பிள்ளை, செத்தது ஆள் இல்லை, ஈடு. பழைய பிரெஞ்சில் 'காஜ்' என்றால் ஈடு. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கத்தைய சட்டத்தில் பிரெஞ்சு புகுந்தது, இதுவும் அப்படி வந்த சொல். 17ஆம் நூற்றாண்டு நீதியரசர் எட்வர்ட் கோக் இப்படி விளக்கினார்: பணம் கட்டாவிட்டால் காணி கடன்பட்டவருக்குச் செத்தது, கட்டிவிட்டால் ஈடு கடன் கொடுத்தவருக்குச் செத்தது.

கொக்குவில் அண்ணா:
அதற்கும் பழைய விளக்கம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் காணியின் விளைச்சல் கடனைக் குறைத்தால் அது உயிருள்ள ஈடு. கடன் கொடுத்தவர் விளைச்சலை அனுபவித்தும் கடன் முதல் அப்படியே நின்றால் செத்த ஈடு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான எங்கள் தேசவழமையில் வரும் ஒற்றியும் அதேதான்: வட்டிக்குப் பதில் விளைச்சல், முதல் குறையாது.

தயா:
ஐயோ, அப்ப மேல்மாடி வாடகை வங்கிக்கா போகும்?

ஓய்வுபெற்ற நொத்தாரிசு, புதுக்கடை:
இல்லை, இது ஒற்றி இல்லை. இலங்கையில் ஈடு, ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டவழி வந்தது. வீட்டின் உரித்து உங்களிடமே இருக்கும். முறியில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய வாடகையும் உங்களுக்குத்தான். ஆனால் மாமா சொன்னதை விட முக்கியமானது ஒன்று: அப்பா இறந்தாலும் கடன் இறக்காது, ஈடு வீட்டோடேயே நிற்கும். அதனால் கடனுக்குக் காப்புறுதி சேர்த்திருக்கிறார்களா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கடைசித் தவணை முடிந்ததும் ஈடு நீங்கியதைக் காணிப் பதிவகத்தில் பதிவிக்க மறக்காதீர்கள். பலர் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

தயா:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. ஒற்றி என்றதும் அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது, அம்மப்பா பனங்காணியை ஒற்றி வைத்து மீட்டவராம். காப்புறுதி பற்றி நாளைக்கே வங்கியில் கேட்கிறேன்.