மேசையில் வைத்த மெனு கியூஆர் கோடு திடீரென்று நின்றுவிட்டது, உதவி தேவை

கடைக்காரர் (ஈரோடு):
வணக்கம் நண்பர்களே. ஈரோட்டில் சின்னதாக ஓர் அசைவ மெஸ் நடத்துகிறேன், 12 மேசை. போன மாதம் எல்லா மேசையிலும் மெனுவுக்குக் கியூஆர் கோடு வைத்தோம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, கியூஆர் கோடு உருவாக்கித் தரும் ஒரு தளத்தில் மெனு பிடிஎஃப்பை ஏற்றி எடுத்தது. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. இப்போது ஸ்கேன் செய்தால் மெனு வருவதில்லை. "இந்தக் கோடு நிறுத்தப்பட்டது, சந்தா கட்டவும்" என்று ஏதோ பக்கம் வருகிறது.

இதற்கு முன்பே வேறு இரண்டு தொல்லை. சிலருக்கு "செல்லாத கோடு" என்று வரும். சுவரோர மேசைகளில் ராத்திரியில் மட்டும் ஸ்கேன் ஆகாது. 12 ஸ்டாண்டையும் புதிதாக அடிக்க வேண்டுமா? மேசையிலிருந்தே ஆர்டர் போடும் வசதி செய்து தருவதாக ஒருவர் மாதக் கட்டணம் சொல்லியிருக்கிறார். அதையும் எடுக்கலாமா?

வலைப்பணி (கோவை):
உங்களுக்குக் கொடுத்தது டைனமிக் கோடு. அந்தக் கோட்டுக்குள் உங்கள் மெனுவின் முகவரி இல்லை, அந்தச் சேவையின் குறுமுகவரிதான் இருக்கிறது. ஸ்கேன் செய்பவரை முதலில் தங்கள் தளத்துக்கு இழுத்து, அங்கிருந்து உங்கள் மெனுவுக்கு அனுப்புவார்கள். சோதனைக் காலம் முடிந்ததும் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் போன் கேமராவில் காட்டிப் பாருங்கள். திறப்பதற்கு முன் திரையில் முகவரி தெரியும். அதில் உங்கள் கடைப் பெயர் இருக்காது.

ஸ்டாடிக் கோடு அப்படியல்ல. உங்கள் பக்கத்தின் முகவரியே சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சாகிறது. காலாவதி என்பதே அதற்குக் கிடையாது. ஆகவே கடைப் பெயரில் ஒரு டொமைன் (சொந்த இணைய முகவரி) வாங்கிவிடுங்கள், வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அதில் மெனுவுக்கு ஒரு பக்கம் வைத்து, அந்த முகவரிக்கு ஸ்டாடிக் கோடு எடுங்கள். விலை மாறினால் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும், கோடு அப்படியே இருக்கும். சந்தா கட்டினால் பழைய கோடு உயிர்பெறும், ஆனால் கட்டுவதை நிறுத்திய அன்றைக்கு இதே கதைதான். என் பதில்: புதிதாகவே அடியுங்கள்.

பிடிஎஃப்பும் வேண்டாம். அச்சுக்குச் செய்த கோப்பு கனமாக இருக்கும், சிக்னல் குறைவான இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும்; திறந்தாலும் இரண்டு விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். எழுத்து மட்டும் உள்ள சாதாரணப் பக்கம் நொடியில் திறக்கும். "இன்று நாட்டுக்கோழி தீர்ந்தது" என்று உடனே மாற்றவும் முடியும்.

பில்லிங்கில் இருப்பவன் (மதுரை):
அந்த "செல்லாத கோடு" ஏன் வருகிறதென்றால், நம் ஊரில் கியூஆர் என்றாலே பணம் கட்டத்தான் என்று கை பழகிவிட்டது. யுபிஐ ஆப்பைத் திறந்து மெனு கோட்டைக் காட்டுகிறார்கள். அதில் பணம் பெறும் முகவரி இல்லாததால் ஆப் ஏற்பதில்லை. கோட்டின் மேலேயே பெரிய எழுத்தில் "மெனு: போன் கேமராவில் காட்டவும்" என்று போடுங்கள். பணம் கட்டும் கோட்டை மேசையில் வைக்காதீர்கள். அதன்மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி நடக்கிறது. கல்லாவில் இருந்தால் உங்கள் கண் பார்வையில் இருக்கும். பில்லிலேயே தொகையோடு யுபிஐ கோடு அச்சிடும் பில்லிங் மென்பொருள்களும் உண்டு. 340க்குப் பதில் 34 அடித்துவிட்டுப் போகும் தவறு அதில் வராது.

அச்சகம் (சிவகாசி):
ராத்திரி ஸ்கேன் ஆகாததற்குப் பெரும்பாலும் பளபள லேமினேஷன்தான் காரணம். டியூப்லைட் அதில் பிரதிபலித்துக் கோட்டை மறைக்கும். மேட் லேமினேஷன் கேளுங்கள். அப்புறம் நிறம். மெரூன் பின்னணியில் மஞ்சள் கோடு என்று கேட்டு வருகிறார்கள், பல போன்கள் அதைப் படிக்கத் திணறும். வெள்ளையில் கறுப்புதான் நல்லது. கோட்டைச் சுற்றி நான்கு பக்கமும், அதிலுள்ள சின்னக் கட்டங்களில் குறைந்தது 4 கட்ட அளவுக்கு வெற்றிடம் விடுங்கள். பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு என்பது எங்கள் கணக்கு: மேசைக்கு 3, 4 சென்டிமீட்டர் போதும், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் வாசல் பலகைக்கு 20 வேண்டும்.

நடுவில் லோகோ வைப்பதாக இருந்தால், கோடு உருவாக்கும்போது பிழை திருத்த அளவை (error correction) 'எச்' (H) என்று வையுங்கள். கோட்டில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும், எண்ணெய்க் கறை பட்டாலும் தாங்கும். முகவரி சின்னதாக இருந்தால் கட்டங்களும் பெரிதாக வரும்.

மெஸ் அனுபவம் (திருச்சி):
ஆர்டர் வசதிக்கு மாதப் பணம் கட்ட வேண்டாம் அண்ணா. இலையில் கை வைத்தபிறகு யார் போனைத் தொடுவார்கள்? "இன்னொரு ஆம்லெட்" என்று சப்ளையரைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும்தான் கோட்டுக்கு வேலை. ஞாயிறு மதியம் வாசலில் காத்திருப்பவர்கள் கண்ணில் படும்படி ஒன்று ஒட்டுங்கள். உட்காரும்போதே என்ன வேண்டும் என்று முடிவு செய்திருப்பார்கள். பார்சல் பையில் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு கோடு போட்டால் அடுத்த ஆர்டர் நேராக உங்களுக்கே வரும், கமிஷன் கிடையாது. அட்டை மெனுவையும் மேசைக்கு ஒன்று கட்டாயம் வையுங்கள். பெரியவர்களைப் போனை எடுக்கச் சொல்லிச் சங்கடப்படுத்துவது விருந்தோம்பல் இல்லை.

கடைக்காரர் (ஈரோடு):
எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. டொமைன் வாங்கிவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி: மெனு திறப்பதற்கு முன் வாடிக்கையாளர் போன் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்தால் பிறகு ஆஃபர் அனுப்பலாம் என்று அந்த ஆர்டர் வசதிக்காரர் சொன்னார். அது சரியா?

வலைப்பணி (கோவை):
வேண்டாங்க. பசியோடு வந்தவரிடம் நம்பர் கேட்டால் பக்கத்தை மூடிவிடுவார். வாடிக்கையாளரை நம்பர் கொடுக்கும்படி வற்புறுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023இல் சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. விருப்பப்பட்டவர்கள் பதியட்டும் என்று மெனுவின் கடைசியில் ஒரு வரி போடுங்கள், போதும். 12 ஸ்டாண்டையும் மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் அடித்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சுவரோர மேசையில் வைத்து, பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றிலும் சோதித்துப் பாருங்கள்.