புதுப்பிப்பு: டிரெய்லரில் ஷாட் எண்ண வழி கிடைத்துவிட்டது

தங்கையின் மீடியா ஸ்டடீஸ் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு தமிழ் டிரெய்லரையும் ஒரு ஹாலிவுட் டிரெய்லரையும் ஷாட் ஷாட்டாக ஒப்பிட என்ன வழி என்று டர்பனிலிருந்து கேட்டிருந்தேனே, வேலை முடிந்தது. (ஷாட் என்றால் இடையில் மாறாமல் ஓடும் ஒரு காட்சித் துண்டு; ஒன்று முடிந்து அடுத்தது சட்டென வரும் இடம்தான் வெட்டு.) பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது யூடியூப் விசை யோசனைதான். வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படம், முன்னே போகும். கமா விசை ஒரு ஃபிரேம் பின்னே. வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரில் ஆங்கில 'E' விசையும் முன்னே நகர்த்துகிறது, ஆனால் எங்களிடம் உள்ள பதிப்பில் பின்னே வர வழியில்லை. அது பெரிய எரிச்சல்.

தானாக வெட்டு கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சொன்ன அக்காவுக்கு: நேர் வெட்டுகளை அது அழகாகப் பிடித்தது. ஒரு காட்சி கரைந்து அடுத்தது வரும் இடங்களைக் கோட்டைவிட்டது. சண்டைக் காட்சியில் துப்பாக்கி வெளிச்சத்தையெல்லாம் வெட்டு என்று எண்ணித் தொலைத்தது! கடைசியில் தங்கை கையால்தான் எண்ணினாள்.

எதிர்பாராத ஒன்று. ஹாலிவுட் டிரெய்லருக்கு முன்னால் சில நொடிக்கு ஒரு குட்டி டீசர் ஒட்டியிருந்தது, 'ஸ்கிப்' தட்டுவதற்குள் ஆளைப் பிடிக்க. அதே ஷாட்டுகள் பின்னாலும் வருகின்றன. அதையும், டிரெய்லரைத் திரையிட ஒப்புதல் கிடைத்ததைச் சொல்லும் பச்சை நிறச் சான்று அட்டையையும் கழித்துவிட்டு, மிச்ச நொடிகளை ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால்தான் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் சரியாக வரும்.

டிரெய்லர் நீளத்துக்கு விதி உண்டா என்று கேட்டவருக்கு: அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர் சங்கம் 2014-ல் அதிகபட்சம் 2 நிமிடம் என்று வழிகாட்டுதல் தந்தது. கட்டாயமில்லை.